மாமாவா, மாமியா?

நாத்தனாருக்கு ஒரு பழக்கம். மின்னஞ்சலில் சொல்ல வேண்டியதையெல்லாம் தலைப்பு வரியிலேயே கொட்டிவிடுவாள். உள்ளே திறந்தால் வெறுமை. அன்று வந்ததும் அப்படித்தான்: "வர்ற ஞாயித்துக்கிழமை மாம�� உங்க வீட்டுக்கு வர்றாங்க, பத்து நாள் இருப்பாங்க."

"மாமாதான்," என்றான் கணவன். "மாமியாவது, இந்த வாசப்படி மிதிக்கிறதாவது!"

மாமாவும் மாமியும் பிரிந்தபோது அவன் மாமாவுக்குப் பரிந்து பேசியவன். அன்றோடு மாமி அவனிடம் முகம் கொடுப்பதை விட்டுவிட்டாள்.

"எதுக்கும் அக்காவுக்கு போன் போடறேன்."

"போடாதீங்க," என்றாள் மனைவி. வீட்டில் மின்னஞ்சல் படிக்கும் செயலியை எழுதியதே அவள்தான். "மத்தவங்க மெயில்லாம் ஒழுங்கா வருது. அண்ணியோடது மட்டும் ஏன் கடிச்சுத் துப்பின மாதிரி வருது? எனக்குத் தெரிஞ்சாகணும்."

செயலிக்கு வந்த மூல வடிவத்தைத் திறந்தாள். கணினிக்குத் தமிழ் ஏது, எண்கள்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் துணைக்குறிக்கும் மூன்று எண்கள். நாத்தனார் அலுவலகத்துப் பழைய இயந்திரம் நீளமான தலைப்பைத் துண்டுபோட்டு அனுப்பியிருந்தது. வெட்டு, ஒரு குறியின் நடு வயிற்றிலேயே விழுந்திருந்தது: இரண்டு எண்கள் இந்தத் துண்டில், மூன்றாவது அடுத்ததில். அவளுடைய செயலியோ ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் படித்து, புரியாத இடத்தில் கேள்விக்குறியைப் போட்டிருந்தது.

"அட, முதல்ல ஒட்டிட்டு அப்புறம் படிக்கணும்! தப்பு என்மேலயும்தான்."

"சரி, மாமாதானே?"

"'மா'வோட துணைக்காலுக்கும் 'மி'யோட மேல்விலங்குக்கும் முதல் ரெண்டு எண்ணும் ஒண்ணு. மூணாவதுலதான் வித்தியாசம்."

நாலு வரியைத் திருத்தி ஓட்டினாள். திரையில் எழுத்து முழுசாக வந்து நின்றது. மாமி.

கணவன் மாடிக்குப் போய்க் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தான். மாமிக்கு முழங்கால் வலி, படியேற மாட்டாள்.

ஞாயிறன்று மாமி பெட்டியோடு வந்து இறங்கினாள். கீழ் அறையில் கட்டிலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கோபம் ஆறிடுச்சுன்னு நெனச்சுக்காதே. இந்த ஊர்ல பல் டாக்டர் நல்லவராம், அதான் வந்தேன்."

"சரி மாமி," என்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

பல்லுக்கு இரண்டே நாள்தான் ஆனது. மாமி பத்து நாளும் இருந்தாள்.