பத்து நாள் அடி

நீலாஞ்சனா தன் அம்மாவின் முகத்தை முதல்முதலாகப் பார்த்தது ஆறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அடுப்பில் துவரம்பருப்பு வெந்துகொண்டிருந்தது. அம்மா ஜெயமாலா அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு எண்பதாவது தடவையோ தொண்ணூறாவது தடவையோ "பார்" என்று சொன்னாள். நீலா தலையைத் தூக்கினாள். எப்போதும் சுவரிலும் கதவிலும் அலைகிற கண்கள் அம்மாவின் மூக்கில் கொஞ்சம் நின்றன. பிறகு மெல்ல மேலே ஏறின. கையில் வைத்திருந்த பொட்டுக்கடலையை அவள் வாயில் போட ஜெயமாலா மறந்தே போனாள்.

பருப்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். மண்டியிலிருந்து சாப்பிட வந்த கணவன் தர்மநாதனுக்கு ரசம் சோறுதான் கிடைத்தது.

"இன்னாச்சு, பருப்பு இல்லியா?"

"பாத்தாளுங்க. என்னியப் பாத்தா."

தர்மநாதன் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நடக்க வேண்டிய வயதில் நீலா நடந்தாள். பல் முளைத்தது, முடி அடர்ந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். தூக்கினால் விறைத்துக்கொள்வாள். நாலு வயதில் அலற ஆரம்பித்தாள். அஞ்சு வயதில் இடது கையைக் கடிக்க ஆரம்பித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே அந்தச் சதை காய்த்து, பிளந்து, மறுபடி காய்த்துக் கருத்துப்போயிருந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் சொன்னாள் என்று ஓர் அமாவாசைக்கு மேல்மலையனூருக்குக் கூட்டிப்போனார்கள். அந்த நெரிசலில், உடுக்கைச் சத்தத்தில், நீலா கடித்த கையை விடவே இல்லை. ரத்தம் முழங்கை வரை வழிந்ததைப் பார்த்துக் கூட்டமே விலகி வழி விட்டது.

மதராஸில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று தர்மநாதனுக்குத் திண்டிவனத்து வியாபாரி ஒருவர் சொன்னது அதற்கப்புறம்தான். டாக்டர் கோதண்டராமன் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளை மட்டும் பார்த்துவந்தார். கழுத்தில் குழாய் இல்லை, மேஜையில் மருந்துப் புட்டி இல்லை. நீலாவை ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"இதுக்கு மருந்து கிடையாதும்மா. பழக்கம்தான். நல்லது ஒண்ணு செஞ்சா உடனே, அந்த நிமிஷமே, அவளுக்குப் பிடிச்சதை வாயில போடுங்க. அலறினா திரும்பிப் பார்க்காதீங்க. முதல்ல முகத்தைப் பார்க்கப் பழக்குங்க. பார்த்தாத்தான் மத்ததெல்லாம் வரும்."

"சாயந்தரந்தாங்க ரொம்பக் கஷ்டம்," என்றாள் ஜெயமாலா. "வெளக்கு வச்சாப் போதும், கையக் கடிக்க ஆரம்பிச்சுடுவா."

"அப்பவும் இதேதான். கடிக்காம இருக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு கடலை."

தர்மநாதன் தொண்டையைச் செருமினான். "பொழுது சாஞ்சா நாங்க வாயில ஒண்ணும் வைக்க மாட்டோம் சார். நாங்க ஜைனருங்க."

"குழந்தைக்குமா?"

"எங்க வூட்ல குழந்தைக்குந்தான்."

டாக்டர் அவனைப் பார்த்தார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

அதனால் பகலில் மட்டும் பாடம் நடந்தது. நாற்பத்திரண்டாம் நாள் நீலா முகத்தைப் பார்த்தாள். மூன்றாம் மாதம், "வா" என்றால் எழுந்து வந்தாள். வந்து ஜெயமாலாவின் முழங்காலில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். அந்த ஒரு விரலுக்காக ஜெயமாலா வேலை எல்லாம் போட்டுவிட்டு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்டாள். கடலை கொடுக்காத நேரத்தில்கூட இரண்டு முறை தானாக வந்து நின்றாள். இதை ஜெயமாலா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

ஆனால் விளக்கு வைத்த பிறகு எதுவும் மாறவில்லை. பாறை மலைகள் பகல் சூட்டை எல்லாம் செஞ்சி ஊர்மேல் கக்குகிற அந்த நேரத்தில், நீலா மூலையில் குந்தி இடக்கையை வாய்க்குக் கொடுத்துவிடுவாள். மாசி மாதம் புண்ணில் சீழ் வைத்துக் கை புறங்கை வரை வீங்கியது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் விரல் தங்காது என்றார்.

அன்று இரவு ஜெயமாலா கேட்டாள். "சாயந்தரத்துல ஒரே ஒரு கடலை குடுத்துப் பாக்கட்டுமா? பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"அது மட்டும் வேணாம்," என்றான் தர்மநாதன். "வேற எது சொன்னாலும் செய்யலாம்."

மறுபடி மதராஸுக்குப் போனார்கள். டாக்டர் கோதண்டராமன் கட்டை அவிழ்த்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு வழி இருக்கு," என்றார். "எனக்கும் பிடிக்காத வழிதான். கை வாய்க்குப் போன உடனே சத்தமா 'கூடாது' சொல்லி, தொடையில பளார்னு ஒரு அடி. ஒவ்வொரு தடவையும், விடாம. கோபத்துல அடிக்கக் கூடாது. பரிதாபப்பட்டு ஒரு தடவை விட்டுட்டாலும் வீண்."

"அடிக்கறதா?" என்றாள் ஜெயமாலா.

"வேற இடங்கள்ல இந்தக் குழந்தைங்களோட கையக் கட்டிலோட கட்டிப் போட்டுடறாங்கம்மா. வருஷக்கணக்கா. பத்து நாள் அடியா, ஆயுசுக்கும் கட்டா, நீங்களே சொல்லுங்க."

ஜெயமாலா எறும்பு இருந்தால் ஊதி விலக்கிவிட்டுக் கோலம் போடுகிறவள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் முப்பத்தொரு தடவை அடித்தாள். முதல் அடிக்கு நீலா அலறவில்லை. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடிபட்ட இடத்தையும் அம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டாம் நாள் பத்தொன்பது. ராஜம்மாள் வாசலில் நின்று, "வாயில்லாத புள்ளைய ஏம்மா இந்தப் போடு போடுற, கை வெளங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ராஜம்மாள் இவர்கள் வீட்டுப் படியேறவில்லை. தர்மநாதன் விளக்கு வைக்கும் நேரத்தில் சிங்கவரம் ரோட்டில் நடக்கப் போய்விடுவான். ஆறாம் நாள் நாலு. ஒன்பதாம் நாள் ஒன்று. பத்தாம் நாள் நீலா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயமாலா விளக்கடியில் காத்துக்கொண்டே இருந்தாள். கை மேலே போகவில்லை.

பதினோராம் நாள் காலை அவள் கடலைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து "பார்" என்றாள். நீலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "வா" என்றாள். நீலா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டினாள். கடலையை எடுத்துக் கையை நீட்டியதும் இரண்டு தொடையையும் உள்ளங்கைகளால் மூடிக்கொண்டாள்.

புண் ஆறியது. புதுத்தோல் வெளுப்பாக வந்தது. ஏழு வாரம் கழித்து மதராஸில் டாக்டர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஜெயமாலா தினமும் நோட்டில் குறித்து வந்த எண்களை வரிசையாகப் பார்த்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் செஞ்சதில்லம்மா. மத்தத் தாய்மார்களுக்கு நீங்க வந்து சொல்லணும்."

"என்கிட்ட வர மாட்டேங்கறா சார்."

"வருவா. திரும்ப முதல்லேருந்து ஆரம்பிங்க."

"நாப்பத்திரண்டு நாள்ல பாத்தவ. இப்ப அம்பது நாளாச்சு. கண்ண மூடிக்கறா."

டாக்டர் பேனாவை மூடினார். "சில குழந்தைங்களுக்கு அப்படி ஆகுதுன்னு படிச்சிருக்கேன்," என்றார். அவர் குரலில் சந்தோஷம் போயிருந்தது. "ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் புடவை தன்மேல் படாதபடி ஒடுங்கியிருந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் ஜெயமாலா பேசினாள். குரல் உயரவில்லை.

"சாயந்தரத்துல ஒரு கடலை குடுக்கறது பாவம்னோம். அடிக்கறதுக்கு ஒத்துக்கிட்டோம். ரெண்டுல எது பாவம்னு யோசிக்கவே இல்ல நாம."

தர்மநாதன் திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இனிமே எந்நேரமானாலும் குடு," என்றான். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து விளக்கு வைத்த பிறகும் கிண்ணம் வெளியே இருந்தது. நீலா வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு அம்மா எழுந்து போனால் பொறுக்கித் தின்பாள். தர்மநாதனும் உட்கார்ந்து பார்த்தான். வாழ்நாளில் அவன் "வா" என்ற சொல்லை அத்தனை தடவை சொன்னதில்லை. அவனிடமும் அவள் வரவில்லை.

சித்திரையில் ஒரு சாயந்தரம் கை மறுபடி வாய்க்குப் போனது. இம்முறை வலது கை. ஜெயமாலா "கூடாது" என்று வாயெடுத்தாள். நீலா கடித்தபடியே உடம்பைக் குறுக்கி அடிக்குக் காத்திருந்தாள். ஓங்கிய கையை ஜெயமாலா இறக்கிக்கொண்டாள்.

"வேணும்னா நான் அடிக்கறேன்," என்றான் தர்மநாதன். "பயம் என்கிட்டயே இருக்கட்டும். உன்கிட்டயாவது வரட்டும்."

அவன் அதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரிந்தது. செய்துவிட்டு வாழ்நாள் முழுதும் தூங்க மாட்டான் என்பதும் தெரிந்தது. "வேணாங்க," என்றாள்.

மூன்று நாள் அவள் தன் கையை நீலாவின் வாய்க்கும் கைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். அவள் கை முழுக்கப் பல் பதிந்தது. நாலாம் நாள் காலை நீலாவின் வலது கட்டைவிரல் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கழுவித் துடைத்துப் பார்த்தபோது எலும்பு.

பெட்டியைத் திறந்து தர்மநாதனின் பழைய வேட்டி ஒன்றை எடுத்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட துணி. அகலமாக ஒரு நீளம் கிழித்தாள். கூடத்துத் தூணோரம் நீலாவை உட்காரவைத்து, இரண்டு மணிக்கட்டிலும் பஞ்சு வைத்து, ரத்தம் கட்டாமல், ஒரு விரல் நுழைகிற அளவு விட்டுத் தூணோடு கட்டினாள். நீலா எதிர்க்கவில்லை. முகத்தைத் தூணின் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

தர்மநாதன் மண்டிக்குக் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தான். "எவ்ளோ நாளைக்கு ஜெயமாலா?"

அவள் கீழே கிடந்த மிச்ச வேட்டியை எடுத்து உதறினாள். இது அழுக்கானால் மாற்றிக் கட்ட இன்னொன்று வேண்டும். ஓரத்தைப் பல்லால் கடித்து, இன்னொரு நீளம் கிழித்து வைத்தாள்.