முதலாம் இடத்துக்கு ஆளில்லை

மெல்ரொய் வந்திருக்கிறார் என்று பஸ்லியா மதினி சொன்னபோது நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாவின் தொண்ணூற்றோராவது நாள். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள் இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. எங்கேயும் போக விருப்பமில்லாதவளுக்கு அது ஒரு சலுகைதான். ஆனால் மெல்ரொய் என்றைக்காவது வருவார், ஒரு கேள்வி கேட்பார், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த நினைப்பு மட்டும் இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்தது.

என் கணவர் றமீஸும் மெல்ரொய்யும் கல்முனையில் ஒரே கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள். இவர் நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர்; அவர் ஃபிறிஜ் திருத்துகிறவர். கடல் வந்து அவர்கள் ஆடிய மைதானத்தைக் கொண்டுபோன அடுத்த வருடம், ஆட இடமில்லாமல், பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் மிகச் சிறந்த பத்து பொயின்ற் கார்ட்டுகள். பந்தைக் கொண்டுவந்து, யார் எங்கே நிற்கிறான் என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறவன்தான் பொயின்ற் கார்ட். ஒவ்வொரு ஜூனிலும் பருவம் முடிந்த அன்று தேத்தண்ணிக் கடையில் ஒரு தாள், இரண்டு ஒப்பம். இருவரும் சம்மதிக்காத பெயரை எழுதக்கூடாது என்பது சட்டம். இவருக்கு மெஜிக் ஜோன்சன்தான் முதலாமவர். மெல்ரொய்க்கு ஸ்டொக்டன். தன் ஆளை இரண்டாம் இடத்தில் எழுத இருவரும் விடவில்லை. அதனால் இருபது வருடமும் முதலாம் இடம் வெறுமையாகவே கிடந்தது. நேஷ் இறங்கினார், ஸ்டெஃப் கரி ஏறினார், மெஜிக்கும் ஸ்டொக்டனும் மட்டும் உள்ளே வரவில்லை. உலகத்தில் அந்த இரண்டு பேரும் இல்லாத பொயின்ற் கார்ட் பட்டியல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இருபத்தோராவது தாள் எழுதப்படவில்லை. போன வருடம் இவருக்குக் கிட்னி பழுதானது. கல்முனையில் தெரிந்த முகங்கள் அதிகம் என்று அம்பாறைக்குப் போய் இரத்தம் சுத்திகரித்தார், கிழமைக்கு இரண்டு தரம். கந்தோர் வேலை என்று ஊருக்குச் சொன்னோம். மெல்ரொய்க்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவன் பாவம் பாத்து எல்லாத்துக்கும் ஓம் எண்டுவான். பொறகு என்னத்தக் கதைக்கிற?" என்றார். ஆட்டங்கள் எங்களுக்கு விடியலில்தான் வரும். சுபஹுத் தொழுதுவிட்டு உட்காருவார். நாலு குவாட்டரில் இரண்டாவது முடிய முன் தலை சாய்ந்துவிடும். மிச்சத்தை நான் பார்த்து, எழும்பியபின் சொல்லிக் கொடுப்பேன். அப்படித்தான் எனக்கும் இந்த ஆட்டம் விளங்கியது.

ஜூனில் கடைசி ஆட்டத்தன்றும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். அதில் மூன்றாம் குவாட்டரில் நடந்த ஒன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். யாரோ கொடுத்த பந்தை வேறு யாரோ கொடுத்ததாக. அதையே இவர் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் முன் சொல்லி வாதாட, மெல்ரொய் சிரித்தாராம். "மெட்ச் பாக்காம நித்திர கொள்ளுறவனுக்கு லிஸ்ட் என்னத்துக்கு?" கடையே சிரித்ததாம். இவர் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தார். பிறகு இருவரும் கதைக்கவில்லை. பிழை என்னுடையது என்று நான் இவரிடமும் சொல்லவில்லை.

டிசம்பரில், நத்தார் கழிந்த இரண்டாம் நாள் காலை மௌத்தானார். மெல்ரொய் நீர்கொழும்பில் மகள் வீட்டில் நின்றார். செய்தி கேட்டு பஸ் ஏறி அவர் ஊர் வந்து சேர முதல், பின்னேரம் அஸர் தொழுகைக்கே அடக்கிவிட்டோம். ஜனாஸாவைத் தூக்க முன் என் தம்பி ஹஸன் கூட்டத்தைப் பார்த்து, மச்சான் யாருக்காவது மனம் நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டான். மன்னித்துவிட்டோம் என்றார்கள். அது எங்கள் வழக்கம். மௌத்தானவர் நம்மை மன்னித்தாரா என்று கேட்க எந்த வழக்கமும் இல்லை.

முன்னறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு திரை. மதினி அதன் ஓரத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் இருந்து நான் கதைப்பதற்குத் தடையில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் தன் தம்பி றமீஸைப் பறிகொடுத்தவருக்கு எதையாவது காவல் காக்க வேண்டியிருந்தது.

"லிஸ்ட் ஒண்டு கொண்டு வந்திரிக்காராம்."

"என்ன லிஸ்ட் எண்டு கேளுங்க மதினி."

"என்ன லிஸ்ட்டாம் தம்பி?"

"பொயின்ற் கார்ட் லிஸ்ட், ராத்தா. போன ஜூன்ல எழுதாம விட்டது."

மதினி என் பக்கம் திரும்பினார். "காவல்காரங்கட லிஸ்ட்டாம் புள்ள. எந்தக் கொம்பனிக்கு?"

தாள் அவர் கை வழியாக வந்தது. பத்து வரியும் நிரம்பியிருந்தன. முதலாவது வரியில் மெஜிக் ஜோன்சன். பேனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார். ஸ்டொக்டன் இரண்டாவது. அடியில் மெல்ரொய்யின் ஒப்பம்; பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தது.

"றமீஸ்ட எடத்தில தங்கச்சி ஒப்பம் வச்சாக் காணும் எண்டு சொல்லுங்க, ராத்தா."

"ஒப்பம் வெக்கட்டாம்."

"ஏலா எண்டு சொல்லுங்க."

"ஏலாதாம் தம்பி."

"ஏனாம்?"

"ஏனாம் புள்ள?" மதினிக்கு மூச்சு வாங்கியது. "எனக்கும் விளங்கச் சொல்லிப்போட்டு ரெண்டு பேரும் சண்ட புடிங்களன்."

நான் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனேன். "மெல்ரொய் அண்ணன், இத நம்பியா எழுதினீங்க?"

மதினி என்னைப் பார்த்தார்.

"அவனுக்காக எழுதினன்," என்றார் மெல்ரொய்.

"மௌத்தானவருக்குப் போடுற இலவசப் புள்ளி அவருக்கு வேணாம். உசிரோட இருந்தா கிழிச்சு உங்கட கையிலயே தந்திருப்பார்."

தெருவில் மீன்காரனின் ஹோர்ன் கேட்டுப் போனது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"தங்கச்சி, அவன் என்னோட கோவத்தோடயா போனான்?"

இல்லை என்று சொல்லலாம். கடைசி நாட்களில் உங்களைத்தான் கேட்டார் என்று சொல்லலாம். திரைக்குப் பின்னாலிருந்து சொல்வது இன்னும் லேசு. ஆனால் எனக்கு அதற்கும் தெம்பு இருக்கவில்லை.

"ஓம். கோவம்தான். உங்கட பேர ஒருக்காலும் எடுக்கல்ல," என்றேன். "ஆனா அண்டைக்குக் கடையில அவர் பிழையாச் சொன்னது, நான் சொல்லிக் குடுத்தது. அவர் அண்டைக்கு நித்திரதான். மொத நாள் அம்பாறைக்குப் போய் வந்த களைப்பு. நோயச் சொல்லாம விட்டதும் நான்தான். நீங்க என்ன மன்னிக்கவேணும்."

பஸ்லியா மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடை விசயம் அவருக்கும் புதிது.

"மூண்டாம் குவாட்டர்ல நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் மெல்ரொய். குரல் வேறு மாதிரி இருந்தது.

"ரொட்டி சுட்டன்."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "லேசா மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல ஏலா, தங்கச்சி. அஞ்சாறு மாசம். நான் ஒருக்கா வந்து அவனப் பாத்திருப்பன்."

"ஏலாட்டி விடுங்க. நான் கேட்டிட்டன்."

தாளை மதினியிடம் திருப்பிக் கொடுத்தேன். "இந்த லிஸ்ட்டும் உண்மையில்ல. மெஜிக்தான் மொதலாவது எண்டு நீங்க நம்பினா, ஏன் எண்டு சொல்லுங்க. நான் அவர்ர எடத்தில ஒப்பம் வெக்கிறன்."

சொல்ல முயன்றார். ஐந்து முறை கிண்ணம் வென்றவர் என்றார். உயரம் என்றார். பிறகு நின்றுவிட்டார். "என்னால ஏலாது. ஸ்டொக்டன்ட அஸிஸ்ட், மத்தவன் கூடையில போடக் குடுத்த பந்து, பதினையாயிரத்து எண்ணூற்று ஆறு. பத்தொன்பது பருவம், ஒரே அணி. ஆருக்கு இரிக்கு அது?"

"எண்பதாம் ஆண்டு இறுதிச் சுற்று, ஆறாவது மெட்ச்," என்றேன். இவருடைய வார்த்தைகள் என் வாயில் அப்படியே வந்தன. "நடு ஆள் காயம். இருபது வயசுப் பொடியன் மெஜிக் அந்த எடத்தில எறங்கி நாப்பத்திரெண்டு புள்ளி போட்டது. ஸ்டொக்டன் அப்பிடி ஒருநாள் ஆடினாரா?"

"அது ஒருநாள் தங்கச்சி. ஒருநாள் ஆட்டத்த வச்சு—"

"கிண்ணம் எத்தின ஸ்டொக்டனுக்கு?"

"பந்து குடுக்கிறவன்ட வேல கிண்ணம் இல்ல. ஆள் ஓடிவர முதல் அங்க பந்து இரிக்கோணும். பாக்காமலே குடுப்பான். இப்பிடி..."

மதினி கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் மெல்ரொய்யின் வெறுங்கால்கள் தெரிந்தன. இடது பாதம் சீமெந்தில் ஊன்றியிருக்க, வலது பாதம் அதைச் சுற்றி மெல்ல, ஒருதரம், இன்னொருதரம், பந்தைக் கொடுக்க ஒரு வழி தேடுவதுபோல வைத்து வைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது.