ஆட்டெருக் கரைசல்

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த குடும்பத்துக்கு சைரா மருமகளாக வந்தது 1924-இல். கணவன் ரஷீத் அஹமது மதராஸ் கிடங்கைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் அவளும், கணவரை இழந்த மாமியார் சுகரா பேகமும் மட்டும். பின்கட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர். அதற்கு அப்பால் அவள் பார்த்தது வானத்தையும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை ஏற்றிப் போகும் வண்டிகளின் உச்சியையும்தான்.

சும்மா இருக்க முடியாமல் பின்கட்டில் கத்தரி போட்டாள். வெளிறிய மண்; செடி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. சாணி கொண்டுவரும் சவுரியம்மாளிடம் ஆட்டுப் புழுக்கை கேட்டு வாங்கினாள். அதைக் கோணியில் கட்டித் தண்ணீர்த் தாழியில் அமுக்கி வைத்தாள். ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு, அரிசி களைந்த தண்ணீர், கறி கழுவிய தண்ணீர் எல்லாம் உள்ளே போயின. காலையும் மாலையும் கோலால் கலக்கினாள். பத்தாம் நாள் நுரை அடங்கிக் கரைசல் கறுத்தது. நாற்றம்தான். ஆனால் ஊரே பச்சைத் தோல் வாடையில் கிடந்ததால் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. ஒரு சொம்புக் கரைசலுக்குப் பத்துச் சொம்பு தண்ணீர் சேர்த்து வேரோரமாக ஊற்றினாள்.

இரண்டு மாதத்தில் கத்தரி காய்த்துத் தள்ளியது. சுகரா பேகம் கூடை கூடையாகச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினாள்.

ரம்ஜான் முடிந்ததும் சைரா பேரணாம்பட்டு போய்த் தாயைப் பார்க்கலாம் என்பது பேச்சு. பெருநாள் கழிந்ததும் சைரா மாமியாரிடம் கேட்டாள்.

"போலாம் மவளே. ஆனா இது காய்க்கிற நேரமாச்சே. அந்தத் தாழிய யாரு கலக்குறது?"

சைரா சவுரியம்மாளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். அவள் அளவு தப்பாமல் செய்தாள். சைரா மறுபடி கேட்டாள்.

"ரஷீத் வரட்டும். துணைக்கு ஆள் வேணாமா?"

ரஷீத் வந்தான். "அம்மி சொன்னா சரி" என்று தாய் பக்கமே பேசிவிட்டு ரயிலேறினான்.

அன்று மத்தியானம் சைரா தாழியைத் திறந்து, தண்ணீரே சேர்க்காமல், சொம்பு சொம்பாகப் பாத்தியில் ஊற்றினாள். சவுரியம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"பீபிம்மா, இன்னா பண்றீங்க? செடி கருகிப் போய்டும்!"

"தெரியும். விடு."

மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. ஒரு வாரத்தில் பாத்தி முழுக்கக் காய்ந்தது. இனி தன்னைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை என்று சைரா நினைத்தாள். சுகரா பேகம் வந்து பார்த்தாள். திட்டவில்லை.

"போவுது விடு. மழை வரப்போவுது. வேற நாத்து வாங்கலாம்."

சைராவுக்கு அடக்க முடியாத அழுகை வந்தது. "செடிக்காக இல்ல மாமி. நீங்க என்னைய அனுப்பவே மாட்டீங்க. அதானே?"

சுகரா பேகம் கிணற்றுமேடையில் உட்கார்ந்தாள்.

"அவர் போனப்புறம் எட்டு வருசம் இந்தச் சுவத்துக்குள்ள தனியா இருந்தேன். ரஷீத்தும் மதராஸ் போய்ட்டான். நீ வந்துதான் வீட்ல ஒரு பேச்சுக்குரல் கேக்குது. போனா நீ திரும்பி வருவியா?"

வருவேன் என்று சொல்ல சைரா வாயெடுத்தாள். ஆனால் அது உண்மையா என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அந்த வருடம் சைரா போகவில்லை. சுகரா பேகமே ஆள் அனுப்ப, சைராவின் தாய் வண்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டு நாள் இருந்தாள். புறப்படும்போது மகளின் கன்னத்தைத் தடவி, "நல்லாத்தானே பாத்துக்கறாங்க" என்றாள். சைரா தலையாட்டினாள்.

வண்டி தெரு திரும்பும் சத்தம் ஓயும்வரை வாசல் திரைக்குப் பின்னாலேயே நின்றாள். உள்ளே வந்தபோது, சுகரா பேகம் இரண்டு தட்டு வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தாள்.