பாய்லரின் தகட்டில் இருந்த எண்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடியும்வரை விஸ்கியைத் தொடமாட்டேன் என்று சாம்பல் புதனன்று சத்தியம் செய்த கோனல், நான்காவது வாரத்திலும் தினமும் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். ஊரே சிரித்தது. அவன் மனைவி கிரான்யா சிரிக்கவில்லை. ராத்திரி வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்து ஒளித்துக் குடிக்கிறான் என்று முடிவுகட்டி, மாடிப் படுக்கையறையிலிருந்து அவனை அங்கேயே, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லருக்குப் பக்கத்திலிருந்த சோபாவுக்கு விரட்டிவிட்டாள். அங்கே படுத்தபிறகு தலைவலி இன்னும் மோசமானது. அதுவே அவளுக்குப் போதிய சாட்சியாகிவிட்டது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு யூனன் வந்தபோது கிரான்யாவின் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. யூனன் பாய்லர் மெக்கானிக், கோனலோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சுவரெல்லாம் கரி படிகிறதென்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"எங்க நம்ம சாமியார்?" என்றான் யூனன்.

"உள்ள போதையில கெடக்கறாரு. நான் அக்கா வீட்டுக்குப் போறேன். வேலைய முடிச்சுட்டுக் கதவச் சாத்திட்டுப் போங்க."

"ஈஸ்டர் வரைக்குமாவது பொறுத்துக்கம்மா. அப்புறம் அவனே எதிர்ல உக்காந்து குடிப்பான்."

சமையலறைக்குள் கால் வைத்ததும் அவன் சட்டைப்பையிலிருந்த விஷவாயுவைக் கண்டறியும் கருவி அலறியது. எடுத்துப் பார்த்தான். இருபது வருஷத்தில் அப்படி ஓர் எண்ணை அவன் எந்த வீட்டுக்குள்ளும் கண்டதில்லை.

"எல்லாக் கதவையும் தெற கிரான்யா. இது போதையில்ல. பாய்லர்ல இருந்து கார்பன் மோனாக்சைடு வருது."

பாய்லரை அணைத்துவிட்டு, இருவருமாகக் கோனலைத் தூறலில் நனைந்த முற்றத்துக்கு இழுத்துவந்தார்கள். மூச்சு இருந்தது, நினைவில்லை. கிரான்யா குனிந்து அவன் வாயை முகர்ந்தாள். தேநீர் வாசனை மட்டும்தான் அடித்தது. அவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தானே அவர அங்க படுக்க வெச்சேன்," என்றாள். அதையே நாலைந்து முறை சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. காற்று வீட்டை நன்றாகக் கழுவியபின் யூனன் உள்ளே போய் பர்னரைக் கழற்றினான். எண்ணெயைத் தூவும் பித்தளை நாசில், விரல் நுனியளவுதான். அதில் 0.85 என்று பொறித்திருந்தது. பாய்லர் தகட்டில், மாட்டவேண்டிய நாசிலின் அளவு 0.50 என்றிருந்தது. வேண்டியதைவிட அத்தனை அதிகமாக எண்ணெய் பாய்ந்து, எரிந்தும் எரியாமலும் கரியாகிப் புகைப்பாதையை அடைத்திருக்கிறது. புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

அந்த 0.85 எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் வண்டியில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் எழுதிய சின்ன டப்பா உண்டு, அதில் அந்த வீட்டின் நாசில். தகட்டைப் பார்ப்பது புதுப் பையன்கள் வேலை என்று பீற்றிக்கொள்வான். போன கோடையில் வேறொருவர் இங்கே சின்னதாகப் புது பாய்லர் வைத்துவிட்டுப் போனார். அக்டோபரில் வருடாந்திரச் சர்வீஸுக்கு யூனன் வந்து, வீடு அதேதானே என்று, டப்பாவிலிருந்ததை மாட்டினான். பாய்லர் புகையைச் சோதிக்கும் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. தீயின் நிறத்தைக் கண்ணால் பார்த்து, பேஷ் என்று சொல்லிக் கிளம்பினான். நாசிலைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் ஏறியதும் கோனல் கண் திறந்தான். இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் எழுந்திருக்கமாட்டார் என்றாள் நர்ஸ்.

"ஒரு சொட்டுகூடத் தொடலடி," என்றான் அவன். கிரான்யா அவன் கையைத் தன் முகத்தோடு அழுத்திக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

"பாய்லர் எப்படி இப்படிக் கெட்டுச்சு யூனன்? எவன் பாத்த வேலை இது?"

கோனல் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தினான். "புது பாய்லர் வெச்சானே, அவனாத்தான் இருக்கும். நம்ம யூனனுக்கு ஊர்ல எல்லா வீடும் மனப்பாடம். அவன் கையால இப்படி ஆகுமா?"

யூனன் விரல்களை விரித்தான். உள்ளங்கையில் நாசில் கிடந்தது.

"நான்தாண்டா மாட்டினேன்," என்றான். "தகட்டப் பாக்கல."

கோனல் அவனைப் பார்த்தான். பிறகு முகமூடியை மூக்கின்மேல் இழுத்துக்கொண்டு கிரான்யாவின் பக்கம் திரும்பிப் படுத்தான்.