போய்ச் சேராத தூரம்

முகூர்த்தத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள்: மணமேடையில் மாப்பிள்ளை கோகுலன், அவன் வலப்பக்கம் ஒரு காலி மணை, முன்வரிசையில் பெண்ணின் தாய்மாமன் தங்கராஜு, அவர் மனைவி பிரமிளா, எதிர்வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் குமுதா. மணப்பெண் தர்ஷினியும் அவள் தாய் புஷ்பவள்ளியும் விமானத்தின் முப்பத்தோராம் வரிசையில், கடலுக்கு மேலே, மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தார்கள்.

மெல்பர்னிலிருந்து பினாங்குக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சொச்சம். கோலாலம்பூரில் மாறி ஏறினாலும் பன்னிரண்டு மணி நேரம் போதும். அதே விமானத்தில் கூட வந்தவர்கள் வெள்ளிக்கிழமையே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த இரண்டு இருக்கைகள் மட்டும் வந்து சேரவில்லை. கூறைப்புடவை வைத்த பெட்டி சரியான நேரத்தில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கியது. "பெட்டி வந்துருச்சு, பொண்ணு வரல. பெட்டிக்கா தாலி கட்டுறது?" என்றார் குமுதா. புஷ்பவள்ளி போனில் பதற்றமில்லாமல் பேசினாள்: "இன்னும் கடல்தான் தெரியுதுண்ணே. சாப்பாடெல்லாம் குடுக்குறாங்க. ஐயரை இருக்கச் சொல்லுங்க." ஐயர் இருந்தார். ஆனால் ஆனியின் கடைசி முகூர்த்தம் மறுநாள் காலை. அதை விட்டால் ஆடி, அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

காரணம் தங்கராஜுவுக்கு மட்டும் தெரியும். தங்கை புஷ்பவள்ளி முதன்முதலில் மெல்பர்னுக்கு அழைத்த வருடம் அவர் விமானத்தில் ஏறி, பெல்ட்டும் போட்டு, கதவு சாத்துவதற்குள் அதைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். விமானம் ரத்து என்று அவளிடம் சொன்னார். விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்யும் ஆம்பிளை, பயம் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வருடம் பதினைந்து மணி நேரப் பயணம், லீவு போதாது என்றார். பிறகு இருபது, பிறகு முப்பது. முன்பின் மாறாமலிருக்கக் குறித்தும் வைத்துக்கொண்டார். போன தீபாவளிக்கு, "அது போய்ச் சேராத தூரம்மா" என்றார். அவள் நம்பினாள்.

பிரமிளா அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "அவகிட்ட சொல்லிருங்க" என்றாள். போனை எடுத்தார், "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார். முகூர்த்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: அன்புள்ள தங்கச்சிக்கு, அன்றைக்கு விமானம் ரத்தாகவில்லை. நான் பயந்து இறங்கிவிட்டேன். தூரம் பன்னிரண்டு மணி நேரம்தான். மணிக்கணக்கெல்லாம் நானாகச் சொன்னது.

விமான நிலையத்தில் பெட்டி பதியும் முகப்பில் இருந்த ஊழியன் அஃபிக் எதுவும் விசாரிக்கவில்லை. வரிசை எண்ணை மட்டும் கேட்டான். "மூணேகாலுக்கு ஒரு பிளைட் இருக்கு அங்கிள். சாயந்திரத்துக்குள்ள அவங்களைத் தாண்டும், கொடுத்துருவாங்க லா." தங்கராஜு உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினார். அஃபிக் அதன்மேல் பெட்டிக்குக் கட்டும் சீட்டைச் சுற்றி, ஓடும் பட்டையில் வைத்தான்.