நூற்றுக்கு நூற்று மூன்று

போரான் கல்லை மாவாக அரைத்து, சூடான கந்தக அமிலத்தில் கலக்கினால் போரிக் அமிலம் கரைந்து வெளியே வரும். சக்கை அடியில் தங்கும். பரிசோதனைக்கூடத்தில் வேதியியலாளராக இருந்தவள் ஐந்து மாதம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, சூட்டை ஏற்றி இறக்கி, கல்லில் இருப்பதில் தொண்ணூற்று நான்கு சதவீதத்தை வெளியே எடுத்துக் காட்டினாள்.

மேலாளருக்கு அது போதவில்லை. முதலாளியின் மருமகன் என்பதால் அவருக்கு ஆலை முழுக்க 'மாப்பிள்ளை' என்றுதான் பெயர்.

"மிச்சம் ஆறு எங்கம்மா போச்சு?"

"சக்கையோட போகுது சார்."

"விடு, நானே பாத்துக்கறேன்."

மறுநாள் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் வந்தார். சூட்டைக் கொதிநிலை வரை ஏற்றினார். குடுவையின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. மாமனார். வராந்தாவில் நின்றபடியே ஒரு மணி நேரம் "சரிங்க மாமா" சொன்னார். சோதனைக்குக் கல் எடுத்துவரக் கிடங்குக்குப் போயிருந்த அவள் திரும்பியபோது அறை முழுக்க ஆவி.

கணக்குப் போட்டால் நூற்று மூன்று சதவீதம் வந்தது.

"பாத்தியா!" என்றார் மாப்பிள்ளை.

"சார், மூடி தெறந்து கெடந்துது. தண்ணி ஆவியாப் போய் மிச்சம் கெட்டியாயிடுச்சு. நாம பழைய தண்ணி அளவ வெச்சுக் கணக்குப் போட்டுட்டோம். கல்லுல இல்லாதது எப்படி சார் வரும்?"

மாப்பிள்ளை யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் பார்க்க லட்சணமாகவே இருக்கும்.

"சரி, ரொம்பப் பேராசை வேண்டாம். தொண்ணூத்தொம்பதரைன்னு போடு."

"அப்ப நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்."

போட்டார். அரைப் பக்கத்துக்குப் போட்டார்.

அந்தக் காகிதத்தை நம்பி அந்த வாரமே ஆலையின் பெரிய தொட்டியும் மூடியில்லாமல் கொதித்தது. மூன்றாம் நாள், கெட்டியான கரைசல் வடிகட்டிக்குப் போகும் வழியில் ஆறி, குழாய் நெடுக வெள்ளையாக உறைந்துவிட்டது. ஃபிட்டர் சுத்தியலோடு தட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து நின்றார்.

"என்ன மாப்ளே இது?"

"குழாய் சரியில்ல மாமா."

"பதினோரு வருஷமா இதே குழாய்தான் ஓடுது," என்றார் ஃபிட்டர், தட்டுவதை நிறுத்தாமல்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

வீட்டு வாடகை, தம்பி படிப்பு எல்லாம் ஒருமுறை அவள் கண்முன் வந்துபோயின. இருந்தாலும் சொல்லிவிட்டாள்: "கணக்கு தப்பு சார். காகிதத்துல தொண்ணூத்தொம்பதரை இருக்கு. சரக்கு குழாய்லதான் இருக்கு."

ஃபிட்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நீராவி விட்டுக் குழாயைத் திறக்க இரண்டு நாள் பிடித்தது. தொட்டிக்கு மூடி வந்தது, பழைய சூடு வந்தது, தொண்ணூற்று நான்கும் வந்தது. முதலாளிக்குத் தன் மகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? பதவி உயர்த்தி விற்பனைத் துறைக்கு அனுப்பினார் முதலாளி.

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவளையும் கேட்டார்.

பரிசோதனைக்கூடத்துக் கதவுக்கு ஒரு நல்ல பூட்டு கேட்டாள். பூட்டோடு வந்த இரண்டு சாவியையும் அவளே வைத்துக்கொண்டாள்.