குப்புறப் படுத்த பெட்டி

என் அண்ணன் ஒரு சோபாக் கடையின் மேலாளர். பார்க்க அழகாக இல்லாத எதுவும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அப்பேர்ப்பட்டவன் கையில் நான் இல்லாத நேரமாகப் பார்த்து என் சப்வூஃபர், அதாவது அடித்தாளத்தை அதிர வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, சிக்கியது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பெட்டியை நான் செய்தது அம்மாவுக்காக. தறி ஆலைச் சத்தத்தில் அவளுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். பாட்டுக்கு உதடு ஏது? ஒரு கல்யாணத்தில், பாட்டுக் கச்சேரி நடந்த மரமேடையின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவள், திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"காதுல விழாத பாட்டு கால்ல வந்து விழுதுடி!"

அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பு வீட்டிலேயே வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவள். எந்த அதிர்வு எங்கே போய் உதைக்கும் என்பதுதான் என் பிழைப்பு. எங்கள் கூடத்தில் மரப்பலகைத் தரை. அதற்குக் கீழே யாரும் குடியில்லை. ஸ்பீக்கரைத் தரையைப் பார்க்க மாட்டினால், அதன் நடுவில் துடிக்கும் கூம்பான கோன் மேலும் கீழும் அடிக்கிற அடி பெட்டியின் கால்கள் வழியாகப் பலகையில் இறங்கும். முன்பக்கம் பார்த்து மாட்டினால் அந்த உதை பக்கவாட்டில் போய்விடும். கேட்கிற காதுக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அம்மாவின் பாதத்துக்குத் தெரியும்.

இதை அண்ணனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"எவளாவது ஸ்பீக்கரைக் குப்புறப் படுக்கப் போடுவாளா? வீட்டுக்கு வர்றவங்க எதைப் பாப்பாங்க?"

"பாக்குறதுக்கா செய்யறேன்?"

"கனத்துல கோன் தொங்கிப் போயிடும். வீடியோல ஒருத்தன் சொன்னான்."

"அதுக்குத்தான் விறைப்பான கோனா தேடி வாங்கியிருக்கேன். நீ போய் சோபாவைப் பாரு."

இவ்வளவையும் சுவரைப் பார்த்தபடி பேசினான். அவன் எப்போதும் அப்படித்தான். அம்மா அவன் முகத்தைப் பிடிக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், பெட்டி நிமிர்ந்து நிற்கிறது. நான் மாட்டிய கால்களைக் கழற்றி வேறு பக்கத்தில் திருகியிருந்தான். கோனைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வளையம். பின்னால் சுவரோரம் மறைய வேண்டிய வயர், பெட்டியின் உச்சந்தலையில் கொண்டை போட்டிருந்தது. அதை மறைக்க முன்னால் ஒரு பூ ஜாடி. அண்ணன் கடை நண்பர்கள் இரண்டு பேரை வேறு வரவழைத்திருந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜாடி மட்டும் கடகடவென்று ஆடியது.

அம்மா வெறுங்காலோடு தரையில் நின்றிருந்தாள். பாதத்தை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "நல்லா இருக்குப்பா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவன் மேல், பாதி அவள் மேல். அவன் எதைச் செய்தாலும் அவளுக்கு நல்லாத்தான் இருக்கும்!

பாட்டை நிறுத்தினேன். ஜாடியைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தேன்; தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. பெட்டியை மல்லாக்கச் சாய்த்து, வளையத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கால்களைக் கழற்றி கோன் இருந்த பக்கத்திலேயே திருகினேன். விருந்தாளிகள் சொல்லிக்கொள்ளாமலே நழுவினார்கள்.

"என் மானத்தை வாங்கிட்டா!" அண்ணன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "அம்மாவே நல்லா இருக்குன்னாங்க. இவளுக்கு என்ன வந்துச்சு?"

நான் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்துப் பாட்டை மறுபடி போட்டேன். பலகை உறுமியது.

அம்மாவின் கால்விரல்கள் விரிந்தன. பாட்டின் தாளத்துக்குக் குதிகால் தானாகத் தட்டத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

அண்ணன் இன்னும் ஜன்னலோடுதான் பேசிக்கொண்டிருந்தான். "இப்ப பாரு, மூஞ்சியே இல்லாத பெட்டி. மொட்டையா ஒரு மரக்கட்டை."

அவன் உதடு தெரியாததால் அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றான்?"

"பெட்டிக்கு மூஞ்சி இல்லையாம்."

அம்மா நடந்துபோய் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இவ்வளவு அழுத்தமாக அவள் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பெட்டிக்கு மூஞ்சி வேணாம்டா," என்றாள். "எங்கிட்டப் பேசும்போது நீ உன் மூஞ்சியக் காட்டு."